அக்கா ஏரியிலிருந்து வந்த மாமன்

பறவைகள் குளிர்காலத்துக்கு வந்து தங்குகிற பெருங்கழியும், அதே பறவைகள் வெயில் காலத்துக்குத் திரும்பிப் போகிற, வருஷத்தில் பாதி நாள் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிற வடதேசத்து ஏரி ஒன்றும் இன்று முதல் சகோதரிகள் என்று, இரண்டு நாட்டு அதிகாரிகளும் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, அங்கிருந்து கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்த தண்ணீரை இங்கே ஊற்றிவிட்டு, பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கார் ஏறிப் போன மறுநாள் காலையில், அந்தக் கழியின் தாழைமடுவில் இறால் தடவிக்கொண்டிருந்த அமுலுவின் கையைச் சேற்றுக்குள்ளிருந்து இன்னொரு கை பிடித்தது.

அமுலு கத்தவில்லை. கத்தவும் முடியாது. பெருங்கழியில் இறால் தடவுகிற பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே போவார்கள், அகப்பட்டதைத் தாடைக்குக் கீழே மிதக்கிற ஓலைப் பறிக்குள் போடுவார்கள், அந்தப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விப் பிடித்திருப்பார்கள். வாயைத் திறந்தால் பறி போய்விடும், பறி போனால் அன்றைக்கு உலை வைப்பது போய்விடும். அதனால் பாம்பு உரசினாலும் சரி, முள் ஏறினாலும் சரி, பனிக்குடம் உடைந்தாலும் சரி, எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளப் பழகியவர்கள் அவர்கள். அமுலு கரையிலும் அதிகம் பேசமாட்டாள். அவளுக்குப் பறி வாயிலேயே முளைத்துவிட்டது என்று குப்பு சித்தி சொல்வாள். குப்பு அமுலுவின் மாமியாருக்குத் தங்கை முறை, வாய்க்குப் பூட்டில்லாதவள்.

அந்தக் கை ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தது மாதிரி குளிர்ந்திருந்தது. உள்ளங்கை காய்த்துப்போய், மோதிர விரலில் நுனிக் கணு இல்லாமல் மொட்டையாக இருந்தது. அதுவும் எதையோ தேடி வந்த கைதான். அமுலுவைத் தனக்கு அகப்பட்டதாக நினைத்துப் பிடித்திருந்தது. தடவுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, கையில் பட்டதை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, அசையாமல் இருந்தால் அதுவே தான் யார் என்று காட்டிக்கொடுக்கும். அமுலு அசையாமல் இருந்தாள். அந்தக் கையும் அசையாமல் இருந்தது. வேலை தெரிந்த கை என்று அதிலிருந்தே அமுலுவுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து இரண்டும் ஒன்றையொன்று விட்டுவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கப் போயின.

கரையேறிப் பறியை இறக்கி வாய் காலியானதும்தான் பேச்சு வந்தது. எனக்கும் வந்தது, எனக்கும் வந்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்திக்கு வந்த கையில் மோதிரம் இருந்தது, ஒருத்திக்கு வந்தது சின்னப் பெண்ணின் கை, கிள்ளிவிட்டு ஓடிவிட்டது. எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டும் சகோதரிகள் என்று மைக்கில் சொன்னார்கள், தண்ணீரையும் ஊற்றினார்கள், சொன்னபடி நடந்திருக்கிறது, அதிகாரிகள் சொல்லி நடந்தது இது ஒன்றுதான் என்று குப்பு சொன்னாள், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்களைக் குடைந்த கேள்வி வேறு. ஏரிகள் இரண்டும் அக்கா தங்கை என்றால் அந்த ஏரியில் இறங்குகிறவர்கள் நமக்கு என்ன முறை, அவர்களை என்னவென்று கூப்பிடுவது, தொடலாமா கூடாதா? கரையில் சாமியாக நட்டிருந்த கன்னியம்மா கல்லுக்கு முன்னால் கூடி ஒரு பகல் முழுக்க இதைப் பேசினார்கள். எது அக்கா எது தங்கை என்பதிலேயே பாதிப் பகல் போயிற்று. பெருங்கழிதான் மூத்தது, கடல் பக்கத்தில் இருக்கிறது என்று ஆண்கள் சொன்னார்கள். குப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பறவை முட்டை போட எங்கே போகிறது, அங்கேதானே, பிள்ளைப்பேற்றுக்குப் போகிற வீடுதானே தாய்வீடு, அந்த வீட்டில் விளக்கு வைக்கிறவள்தானே மூத்தவள் என்று கேட்டாள். ஆக அது அக்கா ஏரி, இது தங்கச்சி ஏரி. அக்கா தங்கச்சி பிள்ளைகள் உடன்பிறப்பு முறை, அதனால் அந்தக் கைகளை யாரும் தொடலாம், ஆனால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் முடியாது என்று முடிவானபோது, மோதிரம் போட்ட கையைப் பற்றிக் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த இளவட்டங்கள் முகம் தொங்கிப்போய் எழுந்து போனார்கள்.

உறவென்று ஆனபின் சீர் செய்யாமல் இருக்க முடியுமா? மஞ்சள் கிழங்கும் கண்ணாடி வளையலும் போயின. பனைவெல்லம் முதலில் சேற்றிலேயே கரைந்துபோயிற்று, பிறகு பாலிதீன் பையில் இறுகக் கட்டி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து மரக்கரண்டி வந்தது, ஆட்டு மயிரில் பின்னிய கயிறு வந்தது, கல் மாதிரி வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் வந்தன. அதைச் சோப்பு என்று நினைத்துக் குப்பு புடவை துவைத்துப் பார்த்தாள், நாய் எடுத்துத் தின்றபிறகுதான் அது காய்ந்த தயிர் என்று தெரிந்தது, அதன்பிறகு பிள்ளைகள் அதை வாயில் அடக்கிக்கொண்டே திரிந்தார்கள். வந்த சீரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது, பதில் சீர் அனுப்புவது எல்லாம் முறைப்படி நடந்தது. வாங்கிய சீரைத் திருப்பிக் கொடுத்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் வார்த்தை வேண்டியதில்லை. குப்புவே ஒரு காலத்தில் அப்படிச் செய்தவள்தான்; அண்ணன் கொடுத்த பித்தளைக் குடத்தை அண்ணன் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவள், அவன் செத்தபோதும் போய்ப் பார்க்கவில்லை.

அமுலுவுக்கு மட்டும் எந்தப் பக்கம் தடவிப் போனாலும் அந்த மொட்டைவிரல்தான் வந்தது. மொட்டைவிரல் அக்கா என்று மனதுக்குள் பேர் வைத்தாள். காலையில் கை நனைந்ததும் முதலில் அதுதான் வந்து பிடிக்கும், ஒருமுறை அழுத்தும், நல்லா இருக்கியா என்கிற மாதிரி. அமுலு திருப்பி அழுத்துவாள். யாரிடமும் எதையும் சொல்லத் தெரியாத அமுலு, மாமியார் பேசியது, புருஷன் மாசிலா செங்கல் சூளைக்குப் போய் வராமலிருப்பது, பிள்ளை பாலைக் கக்குவது எல்லாவற்றையும் அந்தக் கையை அழுத்தியே சொன்னாள், அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது. ஒருநாள் அந்தக் கை அவள் உள்ளங்கையில் தொட்டில் ஆட்டுவது மாதிரி ஆட்டிக் காட்டி, சேறு அப்பிய சின்னஞ்சிறு கம்பளிக் காலுறை ஒன்றை வைத்தது. அதை அலசிக் காயவைத்துத் தன் மகள் ரேணுவுக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு காலுக்குத்தான் இருந்தது, இன்னொன்று அங்கே அந்தப் பிள்ளையின் காலில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பதிலுக்கு ரேணுவின் கையிலிருந்த திருஷ்டி வளையல் இரண்டில் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இந்தச் சங்கதி கழிக்கரையை விட்டு வெளியே போகக்கூடாது என்று எல்லோரும் பேசிவைத்திருந்தார்கள். உறவுக்காரர்கள் வந்துபோவது வீட்டு உள்விஷயம், அதை ஈரநில ஆபீசில் போய்ச் சொல்வானேன்? ஆபீசர்கள் பைனாகுலரில் பறவையைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அதற்குக் கீழே இருந்த சேற்றைப் பார்க்கவில்லை.

அமுலுவின் குறை ஒன்றே ஒன்றுதான். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. பெரியப்பன் மகன், சித்தப்பன் மகன் என்று சொல்லவும் ஆள் இல்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தவேண்டும். மடி இல்லாததால் ரேணுவின் காது குத்தாமல் கிடந்தது, அவளுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் காதில் மினுமினுக்க இடுப்பில் உட்கார்ந்திருந்தன. மாமனில்லாத பிள்ளை என்று மாமியார் கொஞ்சும்போதே சொல்வாள். மாமனில்லாத பிள்ளையை நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் யாரை நம்பி வருவான் என்று சண்டையில் சொல்வாள். அமுலு பல்லைக் கடித்துக்கொள்வாள், பறி இல்லாதபோதும்.

அந்தக் குளிர்காலத்தில் பறவைகள் வந்து இறங்கின, பறவைகளுக்குப் பின்னாலேயே ஈரநிலக் கூட்டத்துக்கென்று பல தேசத்துக்காரர்கள் வந்து கடற்கரை ஓட்டலில் இறங்கினார்கள், அவர்களில் அக்கா ஏரி இருக்கிற நாட்டிலிருந்து தெமீர் என்று ஒருவர் வந்திருந்தார். சிவந்த முகம், இடுங்கிய கண், பார்த்தவுடன் சிரிக்கிற வாய். நாரைக் கூட்டத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். குப்பு ஓடிவந்து அமுலுவிடம் சொன்னாள்.

"அடியே, உன் அண்ணன் வந்திருக்கான்டி. அக்கா ஏரிக்காரன். பிள்ளையத் தூக்கு."

அமுலு ரேணுவைத் தூக்கிக்கொண்டு போய்ச் சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்றாள். வெயில் ஏறிற்று, இறங்கிற்று. அவர் படம் எடுத்தார், தண்ணீரை எடுத்துக் குழாயில் ஊற்றிப் பார்த்தார், வேனில் ஏறப் போனார். குப்பு பின்னாலிருந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். அமுலு போய் அவர் முன்னால் விழாத குறையாக நின்றாள். அவருடன் வந்த மொழிபெயர்க்கிற பெண் என்னம்மா வேணும் என்று கேட்டாள். அமுலு அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. தெமீரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணா, என் பிள்ளைக்கு உங்க மடி வேணும்."

மொழிபெயர்க்கிற பெண் எதை எப்படிச் சொன்னாளோ, அவர் முகம் மலர்ந்துபோயிற்று, அமுலுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆட்டினார். ஐயா ரொம்ப சந்தோஷப்படுகிறார், இந்த மாதிரி மக்கள் கலந்துகொள்வதைத்தான் எல்லா நாடும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறது என்கிறார் என்று அந்தப் பெண் சொன்னாள்.

மாசி மாதத்தில் நல்ல நாள் பார்த்துக் கன்னியம்மா கல்லுக்கு முன்னால் காது குத்தினார்கள். மாசிலாவும் சூளையில் சொல்லிக்கொண்டு வந்திருந்தான். தெமீருக்குச் சம்மணம் போட வரவில்லை, முழங்கால் இரண்டும் காதுவரை தூக்கிக்கொண்டு நின்றது, அந்தப் பள்ளத்தில் ரேணுவை வைத்தார்கள். பத்தர் ஊசியைக் கொண்டுவந்ததும் அவர்தான் முதலில் கண்ணை மூடிக்கொண்டார். ரேணு அலறி அவர் மடியிலேயே மூத்திரம் போனாள், பெண்கள் குலவையிட்டார்கள், மாமன் மடி நனைந்தால் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆபீஸ் ஆட்கள் படம் எடுத்தார்கள். மொழிபெயர்க்கிற பெண் டவுனில் வாங்கிவந்திருந்த நீலக்கல் கம்மலைத் தாய்மாமன் சீர் என்று தெமீர் தன் கையாலேயே கொடுத்தார். அமுலு அதைக் கண்ணில் ஒற்றி வாங்கினாள். மாமியார் அன்றைக்கு ஊர் முன்னால் அவளை என் மருமகள் என்று சொன்னாள்.

சாப்பிடும்போது குப்பு அவரிடம், அக்கா ஏரியில் உங்கள் வீடு எந்தக் கரையில் என்று கேட்டாள். அவர் தலைநகரத்தில் இருக்கிறார், அங்கிருந்து ஏரிக்கு ரயிலில் போகவே இரண்டு நாள் ஆகும், வேலை விஷயமாக எப்போதாவது போய்வருவார் என்று மொழிபெயர்க்கிற பெண் சொன்னாள். பிழைக்கப் போன பிள்ளை, நம்ம மாசிலா சூளைக்குப் போகலையா அந்த மாதிரி என்று குப்பு மற்றவர்களுக்கு விளக்கினாள். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவர் இலையில் இன்னும் இரண்டு மீன் துண்டை வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த தாய்மாமனை வாசலோடு அனுப்புகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டவேண்டும். அதனால் மறுநாள் காலை தண்ணீர் இறங்குகிற வற்றத்தில் அவரைத் தாழைமடுவுக்குக் கூட்டிப்போனார்கள். ஆபீஸ் ஆட்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கிற பெண்ணை மட்டும் கரையில் நிறுத்திவிட்டு, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கிய அண்ணனின் கையைப் பிடித்து அமுலு சேற்றுக்குள் கொண்டுபோய், மொட்டைவிரல் அக்காவின் கையில் வைத்தாள். இது உங்கள் ஊர்க்காரி, உங்களுக்கும் தங்கச்சிதான் என்று சொல்ல நினைத்தாள். வாயில் பறி இருந்தது.

தெமீர் ஆடிப்போய் நின்றார், அப்புறம் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஆனால் மொட்டைவிரல் அக்கா அந்த மெத்தென்ற உள்ளங்கையைத் தொட்டதும் சுட்டுக்கொண்டது மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். ஒருநாளும் அவள் அப்படி இழுத்ததில்லை. அமுலு தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பெரியவன் முன்னால் வரக் கூச்சப்படுகிறாள் என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஓட்டலில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. மைக்கில் பேசுவது காற்று வாக்கில் கழிவரைக்கும் கேட்கும், ஒன்றும் புரியாது, கைதட்டுவது மட்டும் புரியும். எங்கள் அண்ணன் பேசுகிறார் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் பேசவில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத அதிசயம் இந்தச் சேற்றில் இருக்கிறது, இதைக் காப்பாற்றவேண்டும், இத்தனை பேர் கால் வைத்துக் கை வைத்துக் கலக்கினால் அது கெட்டுப்போகும், பறவைக்கு இரையும் இருக்காது என்று தழுதழுத்துப் பேசியிருக்கிறார். அந்தச் சேற்றுக்குள் வந்தது யார் கை, அது எதற்காகச் சேற்றுக்குள் வந்தது என்று அந்தக் கூட்டத்தில் ஒரு நாடும் கேட்கவில்லை. பறவைகள் திரும்பிப் போவதற்கு முன்னால் எல்லா நாடும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டன. பெருங்கழியில் தாழைமடுவும், அங்கே அக்கா ஏரியில் அதற்கு நேரான கரையும், மனிதக் கை படாத பகுதி.

கம்பி வேலி வந்தது. வேலிக்கு முன்னால் வாட்ச்மேன் வந்தான். தடவப் போன பெண்களின் பறியைப் பிடுங்கி எரித்தார்கள். உங்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று சொல்லிப் பினாயில் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், தயாரித்த பினாயிலை வாங்க ஆள் இல்லாமல் அவர்கள் தங்கள் குடிசையையே திரும்பத் திரும்பக் கழுவினார்கள். மாசிலா சூளைக்கே திரும்பிப் போனான். அமுலு ஐஸ் கம்பெனியில் எங்கிருந்தோ லாரியில் வருகிற இறாலை உரிக்கப் போனாள். காலை முதல் பொழுது சாயும்வரை ஐஸுக்குள் கை. வீட்டுக்கு வந்து ரேணுவைத் தொட்டால் பிள்ளை வீலென்று அழும். தன் கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள் அமுலு, அது மொட்டைவிரல் அக்காவின் கை மாதிரியே இருக்கும்.

அண்ணனிடம் சொன்னால் சரியாகிவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். யாரோ எழுதிவைத்ததில் தெரியாமல் கையெழுத்துப் போட்டிருப்பார், வந்து கேட்டதும் பதறிப்போவார், தாய்மாமன் தன் மருமகள் வாயில் மண்ணைப் போடுவானா? அதனால் மாமா, மாமா என்று ரேணுவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வாய்ப்பேச்சு வந்த பிள்ளை கோழியைப் பார்த்தும் மாமா என்றது, பஸ்ஸைப் பார்த்தும் மாமா என்றது.

அடுத்த குளிர்காலத்தில் வேலிக்குப் பக்கத்தில் இரு நாட்டு நட்பு மையம் என்று கட்டடம் எழும்பியது, திறப்பு விழாவுக்குத் தெமீர் வருகிறார் என்று தகவல் வந்தது. ஆபீசிலிருந்து அமுலுவைத் தேடி ஜீப்பே வந்துவிட்டது. விருந்தாளிகள் முன்னால் அந்தக் கையை வரவழைத்துக் காட்டவேண்டும், போன மாதம் பெரிய பெரிய ஆட்கள் கையை விட்டுப் பார்த்தும் சேறுதான் வந்தது, பழகிய கைக்குத்தான் வரும் போலிருக்கிறது என்றார்கள். அமுலு ரேணுவுக்குக் காது குத்தியபோது போட்ட அதே சட்டையைப் போட்டுவிட்டாள். அக்குள் இறுக்கியது.

வாசலில் பெரிய போர்டு வைத்திருந்தார்கள். அதில் தெமீரும் அவர் மடியில் ரேணுவும் ஆளுயரத்துக்கு இருந்தார்கள். பிள்ளை வாய்விட்டு அலறுவது படத்தில் சிரிக்கிற மாதிரி இருந்தது. கீழே எழுதியிருந்ததை அமுலு எழுத்துக்கூட்டிப் படித்தாள். இது மக்கள் மனமுவந்து அளித்த பகுதி, உள்ளே நுழைவது குற்றம்.

"பாத்தியா," என்றாள் வாசலில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற குப்பு. "உன் பொண்ணு வாசல்ல காவல் நிக்கிறா. நம்மள உள்ள விடாம."

அமுலுவை மட்டும் பிள்ளையோடு உள்ளே விட்டார்கள். ரேணுவை மொழிபெயர்க்கிற பெண் வாங்கிக்கொண்டாள். மரப்பாலத்தின் விளிம்பில் சிவப்புக் கம்பளம் விரித்து அமுலுவை மண்டிபோடச் சொன்னார்கள், முழங்கைவரை வருகிற ரப்பர் உறையை இரண்டு கைக்கும் மாட்டிவிட்டார்கள். கிருமி போய்விடக்கூடாதாம். எதிரே வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகளில் பல தேசத்துக்காரர்கள், நடுவில் தெமீர். அவர் இவளைப் பார்த்துச் சிரித்தார், எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அமுலு கையை விட்டாள். சேறு தெரிந்தது, சேற்றின் சூடு தெரியவில்லை. துழாவினாள். ஒரு கை வந்து தட்டியது. அதிலும் உறை. வழுக்கு வழுக்கென்று இரண்டு மீன் உரசுவது மாதிரி இரண்டும் உரசிக்கொண்டன. இது வேறு யாரோ, அங்கேயும் சம்பளத்துக்கு யாரையோ உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நினைத்து விடப்போனவள், வழக்கத்தை விடமாட்டாமல் கொஞ்சம் அசையாமல் இருந்தாள். அந்தக் கையும் அசையாமல் இருந்தது. அமுலு ஒவ்வொரு விரலாகத் தடவிப் போனாள். மோதிர விரலின் நுனியில் ரப்பர் காலியாக மடங்கியது.

அங்கே உறைந்த பனியில் துளை போட்டு, அவளையும் கூட்டிவந்து மண்டிபோட வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் உறை மாட்டியிருக்கிறார்கள். அவளுக்கு எதிரேயும் நாற்காலி போட்டிருப்பார்கள், இந்நேரம் அங்கேயும் வேலிக்கு வெளியே யாரோ நின்றுகொண்டிருப்பார்கள்.

அமுலு வலது கையை வெளியே எடுத்தாள், உறையைப் பல்லால் கவ்வி உருவினாள், வெறுங்கையைத் திரும்பச் சேற்றுக்குள் விட்டாள். அங்கேயும் அவள் அதைத்தான் செய்திருக்க வேண்டும். அந்தக் குளிர்ந்த, காய்த்த, மொட்டைவிரல் கை வந்து இவள் கையைப் பிடித்தது. நல்லா இருக்கியா என்று அழுத்துகிற பிடி இல்லை. பின்னாலிருந்து யாரோ இழுக்கும்போது தூணைக் கட்டிக்கொள்கிற பிடி. இங்கேயும் ஆபீசர் சத்தம் போட்டார், உறையை மாட்டும்மா, கையை எடும்மா என்று. அமுலு வாயில் ரப்பர் உறை இருந்தது, பதில் சொல்ல முடியாது. இரண்டு வாட்ச்மேன்கள் வந்து அவள் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவள் விடவில்லை. அங்கேயும் விடவில்லை. இரண்டு நாடும் இரண்டு பக்கமும் இழுக்க, சேறு கொப்புளித்துக்கொண்டு வந்தது, விருந்தாளிகள் இதுவும் காட்சிதான் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளங்கை வழுக்கியது, விரல் வழுக்கியது, கடைசியாக அந்த மொட்டைவிரல் இவள் சுண்டுவிரலில் ஒரு நொடி மாட்டிக்கொண்டு நின்றது. பிறகு அமுலுவின் கையில் சேறு மட்டும் இருந்தது.

தெமீர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார். அந்த நேரம் பார்த்து, மொழிபெயர்க்கிற பெண்ணின் இடுப்பிலிருந்த ரேணு அவரைப் பார்த்துக் கையை நீட்டி, "மாமா," என்றாள். தெளிவாகச் சொன்னாள். பிள்ளை என்ன சொல்கிறது என்று அவர் கேட்டிருக்கவேண்டும். மொழிபெயர்க்கிற பெண் அவரிடம் என்னமோ சொன்னாள், அவர் சிரித்துப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த ஆளுக்குக் கைகொடுக்கத் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்று அமுலு கேட்டாள். உறை வாயிலிருந்து கீழே விழுந்தது.

"வணக்கம் சொல்லுதுன்னு சொன்னேன்."

அமுலு பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தெமீருக்குப் பின்னால் போய், அவர் திரும்புகிறவரை நின்றாள். அவர் திரும்பினார். அவர் போட்ட கையெழுத்தைப் பற்றி, எரித்த பறியைப் பற்றி, ஐஸ் கம்பெனியைப் பற்றி ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த பேச்சு எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. சேற்றுக் கையாலேயே ரேணுவின் ஒரு காதில் திருகைக் கழற்றினாள், மறுகாதில் கழற்றினாள், நீலக்கல் கம்மல் இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்து அவர் விரல்களை மூடிவிட்டாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். குப்பு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாட்ச்மேன்களில் ஒருவன் உள்ளூர்க்காரன், அவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். சீர் திரும்பிப் போய்விட்டது. இனி அந்த உறவு இல்லை.

தெமீர் கையைத் திறந்து பார்த்தார். கம்மலைப் பார்த்தார், அமுலுவைப் பார்த்தார். ஏழை ஜனங்கள் தங்களிடம் இருக்கிற ஒரே நகையைப் பரிசாகக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. அதை நெஞ்சில் வைத்துக் குனிந்து, அவர் பாஷையில் நன்றி சொல்லி, எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுபடியும் கைதட்டினார்கள், அதையும் படம் எடுத்தார்கள்.

அமுலு வாசல் வழியாக வெளியே வந்தாள். போர்டில் இருந்த ரேணு காதில் கம்மலோடு சிரித்துக்கொண்டிருந்தாள், இடுப்பிலிருந்த ரேணு வெறுங்காதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பு பேசாமல் கூடவே நடந்தாள், அவள் பேசாமல் நடந்து யாரும் அதுவரை பார்த்ததில்லை. ரோட்டோரத்து வேப்பமரத்துக்கு வந்ததும் அமுலு நின்று, ஈர்க்கு ஒன்றை ஒடித்து, இலையை உருவிப்போட்டுவிட்டு, இரண்டு துண்டாகக் கிள்ளி ரேணுவின் காதில் ஒன்றொன்றாகச் சொருகினாள். துளை தூர்ந்துவிடக்கூடாது. தூர்ந்தால் மறுபடி குத்தவேண்டும், குத்த ஒரு மடி வேண்டும், அதற்கு எந்தத் தேசத்திலும் அவளுக்கு ஆள் கிடையாது.